கடலின் எடை

கண் விழித்தபோது, பாதி பூசி நிறுத்திய சுவரை விட்டு வெயில் இறங்கியிருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இரண்டு மணி நேர வேலைக்கு வந்தவள், பிறத்தியார் வீட்டுப் பாயில் பகல் முழுக்கத் தூங்கியிருக்கிறாள். தலைக்கு அடியில் யாரோ துண்டை மடித்து வைத்திருந்தார்கள்.

வீடு ஜெசிந்தாவுடையது. கடலோரத் தெருவில் கடைசி வீடு. கொல்லைப்புறத்தில் இருக்கும் சிமெண்டுத் தூண் மட்டும் அளக்க வந்த இவளுடைய அலுவலகம் நட்டது. தூணின் தலையில் கவிழ்த்த தட்டு மாதிரி ஓர் ஆன்டெனா. செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை வாங்கி, நிலம் என்ன உயரத்தில் நிற்கிறது என்று மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லும்.

சொல்லும் என்றுதான் அவளும் நம்பியிருந்தாள்.

போன வருடத்தைவிட இந்த வருடம் தூண் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது.

ஒரு விரற்கடைதானே என்று சிரிக்க முடியாது. கடல் ஏற்கெனவே தெருமுனை வரை வந்துவிட்ட ஊர். வருடத்துக்கு ஒரு விரற்கடை அமிழும் நிலத்தில் யாரையும் குடியிருக்க விடமாட்டார்கள். தெருவையே காலி செய்து, அலைச் சத்தம் எட்டாத ஏதோ ஒரு காலனிக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

போட மனம் வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

இன்னொரு தடவை அளந்து பார்த்துவிடலாம் என்று காலையில் வந்து இறங்கினாள். தூணில் மாட்டும் பதிவுப் பெட்டியின் பேட்டரி உடனே கையை விரித்துவிட்டது. ஜெசிந்தாதான் வீட்டுக்குள்ளிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தாள். அது ஓடட்டும், நீங்கள் சாப்பிடுங்கள் என்றாள்.

தன் வீட்டைப் பிடுங்க வந்தவளுக்கு யாராவது சாளை மீன் குழம்பு ஊற்றுவார்களா?

ஜெசிந்தா ஊற்றினாள். போதும் என்று கையை மறித்த பிறகும் ஊற்றினாள்.

சாப்பிடும்போது, சுவரை ஏன் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்று அவள்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டாள்.

"காலி பண்ணச் சொல்லப் போற வீட்டுக்கு யாரு மேடம் சிமெண்டு வாங்குவா?"

ஊர்ப்பேச்சு ஜெசிந்தாவின் காதுக்கும் எட்டியிருக்கிறது. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

சாப்பிட்டுவிட்டு, வந்தவள் பாயில் சற்று சாய்ந்தாள். பல நாள் தூக்கம் ஒன்றாக வந்து அமுக்கிவிட்டது.

இப்போது எழுந்து கொல்லைக்கு ஓடினாள். பெட்டியில் பச்சை விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. பகல் முழுக்க அது ஓடியிருக்கிறது. லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தாள்.

தூணின் உயரத்தைக் காட்டும் கோடு நேராக இல்லை.

காலையில் தாழ்ந்து கிடந்தது. மதியத்தில் மெல்ல ஏறியது. சாயங்காலம் ஏறக்குறைய ஒரு விரற்கடை உயர்ந்து, மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது.

ஒரே பகல். ஒரே தூண்.

அவள் திரும்பிக் கடலைப் பார்த்தாள்.

காலையில் தடுப்புக் கற்களின் மேல் ஏறி அடித்த தண்ணீர் வெகு கீழே போயிருந்தது. இப்போதுதான் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

நீர் ஏறினால் நிலம் இறங்குகிறது. நீர் வடிந்தால் எழும்புகிறது. கயிற்றுக் கட்டிலின் நடுவில் கனத்த ஆள் உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவரும் கொஞ்சம் தாழ்வதில்லையா? அவ்வளவு தண்ணீரும் ஏறி உட்காரும்போது கரையும் தாழ்கிறது.

அவள் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியதுதான். கணக்குப் போடும் மென்பொருளில் இதற்கென்று ஒரு கட்டம்கூட இருக்கிறது. ஒரு சொடுக்குச் சொடுக்கினால் கடலின் எடையைக் கழித்துவிடும். அலுவலகத்தில் யாரும் சொடுக்கியதில்லை. அளக்க வந்தவர்கள் எல்லோரும் இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிட்டதால், அது தேவை என்று யாருக்கும் தெரிந்ததும் இல்லை.

போன வருடம் அளந்தது நீர் வற்றிய நேரத்தில். இந்த வருடம் நீர் பெருகிய நேரத்தில்.

சொடுக்கினாள். இரண்டு வருடத்துக் கணக்கையும் திரும்பப் போட்டாள்.

வித்தியாசம் ஒரு நூல்கூட இல்லை.

நிலம் எங்கேயும் போகவில்லை.

கண் கலங்கியது. படுத்துவிட்ட பேட்டரிக்கு, சாளைக் குழம்புக்கு, கேவலமாக அசந்து தூங்கிய தன் உடம்புக்கு, எல்லாவற்றுக்கும் கும்பிடு போட வேண்டும் போலிருந்தது.

ஒயரைச் சுருட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தவள் அடுக்களையில் நின்றுவிட்டாள்.

அங்கே இருந்தது ஒரே ஒரு பிளக். அதில் அவளுடைய ஒயர். பக்கத்தில் ஃபிரிட்ஜின் ஒயர் தரையில் கிடந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கீழே தண்ணீர் தேங்கியிருந்தது.

"அக்கா, இதுல மீன் வச்சிருந்தீங்களா?"

"நாளைக்கு யாவாரத்துக்கு வச்சது. கெட்டுப் போயிரக் கூடாதுன்னு பூராத்தையும் கொழம்பு வச்சித் தெருவுக்குக் குடுத்துட்டேன்" என்றாள் ஜெசிந்தா, தப்புச் செய்தவள் மாதிரி. "நீங்க பெட்டிய அணைக்கச் சொல்லல. எழுப்பவும் மனசு வரல மேடம். அப்படி அசந்து கெடந்தீங்க."

நன்றி என்ற சொல் வாய் வரை வந்தது. ஜெசிந்தா செய்ததற்கு எதிரே அது ரொம்பச் சின்னதாக இருந்தது.

வேறு எதையும் சொல்லவும் கூடாது. அலுவலகம் அறிவிக்கும் முன் அளவைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்பது விதி.

அவள் ஃபிரிட்ஜின் ஒயரை எடுத்து மாட்டினாள். அது உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவள் நின்றாள்.

"அக்கா, மழைக்கு முன்னால அந்தச் சுவரப் பூசிருங்க."

ஜெசிந்தா அவள் முகத்தையே பார்த்தாள்.

பிறகு சுவருக்குப் போய், கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, பூசாத பாதியைச் சாண் சாணாக அளக்க ஆரம்பித்தாள்.