மூன்றாவது பாட்டு

"அண்ணே... அண்ணே..." என்று வாசலில் குரல் கேட்டதும் லேத்துக்காரர் முதல் வேலையாகப் பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் தையல்காரம்மா. சண்டைக்குத்தான் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க? கதவைத் தட்டியிருக்கலாமே?"

"தட்டுற பழக்கம் இல்லண்ணே."

"சத்தம் ரொம்ப இருக்கா? பட்டறையில லேத்து மெஷின் பக்கத்துல நின்னு நின்னு இடது காது அவுட்டு. அதான் கூட வெச்சுடுறேன். மன்னிச்சுக்கோங்க."

"சத்தத்துக்கு வரலண்ணே. ஞாயித்துக்கிழமையானா ஒரு பாட்டு போடுறீங்களே, நடுவுல டொக்கு டொக்குன்னு தட்டுமே... அதைச் சரியாக் கேக்கணும். செவுத்துக்கு அந்தப் பக்கம் தட்டுறது மட்டும்தான் வருது."

லேத்துக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அறைக்குள் ஒரு ஆள் தானாகக் கேட்டு வருவது இதுதான் முதல் தடவை. பட்டறையில் அவருக்குப் பெயரே தூக்கமாத்திரை. படம் முழுக்க ஒருவன் ஒரே சட்டையைத் துவைத்துக் காயப்போடும் சினிமா ஒன்றுக்கு நாலு பேரைக் கூட்டிப்போனார். சட்டை காய்வதற்குள் நாலு நாற்காலியும் காலி. அதற்குப் பிறகு அவரும் இசைத்தட்டுகளும்தான்.

இரண்டாவது நாற்காலி துணி போட்டு வைக்கத்தான் உதவிக்கொண்டிருந்தது. துணியை வாரிக் கட்டிலில் எறிந்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"நீங்களும் தனியாத்தானா?" என்றார், இசைத்தட்டைத் துடைத்தபடி.

"ஆமாண்ணே. அம்மா நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதே போயிட்டாங்க. திடீர்னு மூச்சு முட்டிச்சு. தூக்கிட்டு ஓட ஆள் இல்ல."

"அப்பா?"

"வேலையில இருந்தார். போய்க் கூப்பிட்டாச்சு. காதுல விழவே இல்லன்னு அப்புறமாச் சொன்னார். சாகுற வரைக்கும் அதையேதான் சொன்னார்."

"இருக்கும்மா. மெஷின் ஓடும்போது பக்கத்துல வந்து கத்தினாலும் கேக்காது. அவரைக் குத்தம் சொல்லாதீங்க." அவளுடைய அப்பாவுக்கும் தன் இடது காதுக்கும் சேர்த்தே பரிந்து பேசினார்.

"நானும் அப்படித்தான் மனசைத் தேத்தி வெச்சிருக்கேன்."

லேத்துக்காரர் இசைத்தட்டின் அட்டையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? படம் இல்ல, பேரு இல்ல. பாடினவன் யாருன்னே எவனுக்கும் தெரியாது. வீட்டு அறையில கதவைச் சாத்திக்கிட்டு ஒத்தையா உக்காந்து பதிவு பண்ணியிருக்கான். இந்த ஒரு தட்டோட சரி. ஆனா இதுக்காக உயிரை விடுற கூட்டம் இருக்கு. மூணாவது பாட்டுல தட்டுறது மேளம்னு ஒருத்தன் எழுதுவான், நெஞ்சு துடிக்கிறதுன்னு இன்னொருத்தன் எழுதுவான். அடிச்சுக்குவோம்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

இதுவரை யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. லேத்துக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கதவுதான். அதுவும் கதவுக்குக் கீழ்ப்பாதியிலேருந்து வர்ற சத்தம். இரும்பைத் தட்டிப் பாத்தே உள்ள ஓட்டை இருக்கான்னு சொல்றவன் நான், மரம் தெரியாதா? சாவு முட்டி போட்டு வந்து தட்டுதுன்னு நான் சொல்லுவேன். பட்டறையில சொன்னா, முட்டி போட்டு வர்றதுக்கு அது என்ன குழந்தையான்னு சிரிக்கிறானுங்க."

அவள் சிரிக்கவில்லை.

ஊசியை வைத்தார். ஒற்றைக் கம்பி வாத்தியம் தனியாக நடந்து வந்தது. அதன் மேல் முனகலாக ஒரு ஆண் குரல். பிறகு டொக், டொக், டொக். முன்பு அவர் இழுத்து வந்து உட்கார வைத்தவர்கள்கூட இந்த இடத்தில் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் பார்க்கவில்லை.

லேத்துக்காரர் விரலை உயர்த்தினார்.

"இங்கதான்! கம்பியை நிறுத்துறான் பாருங்க. மூச்சைப் பிடிக்கிறான். அந்தத் தட்டலைக் காது குடுத்துக் கேக்குறான். இப்போ... ஆங்! எந்திரிக்கல. விட்ட இடத்துலேருந்து வாசிக்கிறான். வேற எவனா இருந்தாலும் ஓடிப்போய்க் கதவைத் திறந்திருப்பான். அதாம்மா கலைஞன்!"

அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்திருந்தாள். இந்த நாற்காலியும் காலியாகப்போகிறது என்று அவருக்குத் தோன்றியது.

"பிடிக்கலையா?" என்றார், குரல் இறங்கி.

"அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்கண்ணே."

போட்டார். டொக், டொக், டொக். கம்பி நின்றது. உள்ளே இழுத்த ஒரு மூச்சு. பிறகு மறுபடி கம்பி.

தையல்காரம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். சாத்தியிருந்த கதவின் முன்னால் குனிந்து, கீழ்ப்பாதியில், ஒரு குழந்தைக்கு எட்டும் உயரத்தில் விரல் முட்டியை வைத்தாள். தட்டவில்லை.

"அப்படின்னா, எங்கப்பாவுக்குக் கேட்டிருக்கு."