மரத்தின் மறுபக்கம்

என் விடுதித் தோழி சுகிர்தா சொன்ன கதை இது. அவளும் யாரிடமோ கேட்டதுதான்.

பனி கலையாத காலையில் ஒரு மரங்கொத்தி வேங்கை மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. வல்லூற்றின் நிழல் விழுந்ததும் மரத்தின் மறுபக்கம் போய் அசையாமல் ஒட்டிக்கொண்டது.

அது ஒளிந்த இடம் தெரியாத வல்லூறு எதிர்க்கிளையில் அமர்ந்தது. "ஏன் தம்பி நிறுத்திட்டே? மேற்கே ஒருத்தன் உன்னைவிட நல்லாத் தட்டுறான்."

மரங்கொத்தியின் அலகு துடித்தது. "ஒரே ஒரு தட்டு தட்டிக் காட்டவா?" என்று மரத்திடம் முணுமுணுத்தது.

"காட்டு. இருக்குற இடத்தையும் சேர்த்துக் காட்டு," என்றது மரம்.

வல்லூறு காத்திருந்து சலித்துப் பறந்தது. வெகுநேரம் கழித்து மரங்கொத்தி மெல்ல ஒரு தட்டு தட்டியது.

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

பிறகு பறவைப் புத்தகத்தில் தேடினேன். வேட்டைப் பறவை வந்தால் மரங்கொத்தி மரத்தின் மறுபக்கம் போய் அசையாமல் இருப்பது உண்மைதான். அப்போது அது என்ன நினைக்கும் என்று எழுதியிருக்கவில்லை.