மூன்றாவது பந்து

காலையிலிருந்து சிவக்கொழுந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. மலையுச்சி வரை போகிற ரயிலில் ஏறி அன்றைக்கே திரும்பிவிடலாம், ஏறும்போது இடப்பக்கம்தான் பள்ளத்தாக்கு என்று மனைவி மங்கையிடம் சொல்லிச் சொல்லி உலாத்தினார். நிமோனியாவிலிருந்து மீண்டவர். உச்சியில் காற்று குறைவு. ஆஸ்பத்திரியில் கொடுத்த மூச்சுப்பயிற்சிக் கருவியில் மூன்று பந்தும் ஏறினால்தான் டிக்கெட் என்று மகள் தேன்மொழி கறாராகச் சொல்லியிருந்தாள். அவர் இழுத்தால் இரண்டுதான் ஏறின.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"இழுங்கப்பா, பந்து மேல முட்டுற சத்தம் கேக்கட்டும்."

அவர் கருவியை மங்கையிடம் நீட்டினார். அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள். நீட்டிய கை இறங்கவில்லை. வாங்கி இழுத்தாள்.

டக், டக், டக்.

"சூப்பர்ப்பா! டிக்கெட் போட்டுடறேன். எந்தப் பக்கம் ஜன்னல் வேணும்?"

அதற்குள் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, அலமாரிமேல் இருந்த பிளாஸ்க்கை எட்டப் போனவர், மூச்சு வாங்க அலமாரியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். வாய் திறந்தது. குரல் வரவில்லை.

"அப்பா?"

"இடப்பக்கம்" என்றாள் மங்கை.