ஆறும் ஆண்தான்

“ஆறும் ஆண்தான் விது. ஒண்ணுகூட பெட்டையில்ல.”

பாக்கியலெட்சுமி கையிலிருந்த வாத்தைக் கீழே விட்டாள். அது சத்தமில்லாமல் போய் மற்ற ஐந்தோடு சுவரோரம் ஒட்டிக்கொண்டது. இரண்டு மாத வாத்துகள். ஆறும் ஒரே மண்ணிறம்.

“எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கு. எப்பிடிக்கா சொல்றீங்க?” தங்கை விதுஷா ரகசியம் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டாள்.

“இந்த வயசுல நிறத்தப் பாத்து ஒண்ணும் சொல்ல ஏலாது. சத்தத்த வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். தூக்குனா பெட்டை ஊரைக் கூட்டும். ஆணுக்குத் தொண்டை கட்டுன மாதிரி காத்துதான் வரும். ஆறையும் தூக்கிப் பாத்துட்டேன், ஒண்ணுகிட்டயும் சத்தம் இல்ல. இன்னும் ரெண்டு மாசம் போகட்டும். ஆறுக்கும் தலை பச்சையா மினுங்கும், வால்ல சுருள் விழும்.”

பாக்கியலெட்சுமி ஹாலிஎலயில் பதினைந்து வருடமாக வாத்து வளர்ப்பவள். இந்த விஷயத்தில் அவள் கணிப்பு தப்பியதே இல்லை. கல்யாணமாகி கொஸ்லந்தைக்கு வந்த தங்கைக்குப் பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று எட்டுக் குஞ்சுகளைக் கொடுத்து அனுப்பியவளும் அவள்தான். ஆனால் இன்று பஸ் ஏறி வந்தது வாத்தைப் பார்க்க அல்ல. போனில் தங்கையின் குரல் வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டே வந்தது. நேரில் பார்த்தால் ஆளும் பாதியாகியிருந்தாள். எப்படியாவது இவளைக் கையோடு அழைத்துப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

“எட்டுக் குடுத்தேனே. மிச்சம் ரெண்டு எங்க?”

விதுஷா வாய் திறப்பதற்குள் அவள் கணவன் கிருஷ்ணராஜ் தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளேயிருந்து வந்தான்.

“கீரி புடிச்சிருச்சுக்கா. பாவம், அதுக ரெண்டுந்தான் நல்லா சத்தம் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிச்சு.”

தோட்டத்து ஆபீசில் வேலை பார்ப்பவன். அதிர்ந்து பேசத் தெரியாத மனுசன். பெண்டாட்டியின் அக்காவுக்குத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றித் தருகிற மாப்பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று பாக்கியலெட்சுமி நினைத்துக்கொண்டாள்.

மூடுபனி வாசல்வரை வந்துவிட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தைவிட்டுத் தள்ளி, தேயிலைக்கு நடுவே தனியாக நிற்கிற வீடு. வந்ததிலிருந்து ஏதோ ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. என்னவென்று இப்போதுதான் பிடிபட்டது. அந்த வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. வெளியாள் வந்திருக்கிறாளே என்று நாய்கூடக் குரைக்கவில்லை. உள்ளே கட்டிலுக்கடியில் படுத்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இந்த வீட்டுல என்னமோ இருக்கு தம்பி.”

“எனக்கும் அந்தச் சந்தேகந்தாங்க்கா.” கிருஷ்ணராஜ் குரலைத் தாழ்த்தினான். “லயத்து ஆளுங்களும் சொல்றாங்க. முன்னாடி இங்க செத்துப்போன பொம்பளை ஒருத்தி இன்னும் வீட்டவிட்டுப் போகலையாம். விது தொண்டையில ஒண்ணுமே இல்லேங்கிறார் டொக்டர். குரல் மட்டும் எழும்ப மாட்டேங்குது. வெள்ளிக்கிழமை பூசாரியக் கூட்டிட்டு வந்து மந்திரிக்கலாம்னு இருக்கேன்.”

“அதுவரைக்கும் இவள நான் கூட்டிட்டுப் போறேனே. ஒரு நாலு நாளைக்கு.”

“தாராளமா. ஏன் விது, போறியா?” அவன் சிரித்தபடி மனைவியின் தோளில் கை வைத்தான்.

“இல்லக்கா. இவருக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டம்.” விதுஷா தலை நிமிரவில்லை. சற்றுப் பொறுத்து, “வாத்த வேணுன்னா கொண்டு போயிருங்க,” என்றாள். “முட்டை போடாதது எதுக்கு இங்க? இன்னைக்கே கொண்டு போயிருங்கக்கா.”

கேட்டது தங்கையை, கிடைத்தது வாத்து. பாக்கியலெட்சுமிக்கு மனசே கேட்கவில்லை. ஆனாலும் புருசன் பெண்டாட்டிக்கு நடுவில் போய் எவ்வளவுதான் பேசுவது? ஆறையும் கூடையில் போட்டுக்கொண்டு, பண்டாரவளையில் பஸ் மாறி, இருட்டுவதற்குள் ஹாலிஎல வந்து சேர்ந்தாள். கூடைக்குள்ளிருந்து வழி முழுக்க ஒரு முனகல்கூட இல்லை. செத்துப்போன அந்தப் பொம்பளைதான் தங்கையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. வெள்ளிக்கிழமை சீக்கிரம் வரவேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கொல்லைப்புறத்தில் ஒரே கூச்சல். தன்னுடைய வாத்துகள்தான் என்று நினைத்துப் போய்ப் பார்த்தாள். கொஸ்லந்தையிலிருந்து கொண்டு வந்த வாத்துகளில் மூன்று, கழுத்தை நீட்டிக்கொண்டு ஊரையே கூட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, மூன்றும் பெட்டை. பதினைந்து வருடத்தில் முதன்முறையாக இப்படி ஏமாந்துபோனதை எண்ணி அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. சொன்னால் விதுஷாவும் கொஞ்சம் சிரிப்பாள்.

வாத்துகளுக்கு நடுவிலேயே குந்தி உட்கார்ந்து, தங்கைக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“விது, இதக் கேளு. மூணு பெட்டைடி. என்னமாக் கத்துதுக பாரு.”

போனை வாத்துகளுக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

“கத்துதுகளாக்கா?” விதுஷாவின் குரல் காற்றாகத்தான் வந்தது. “கத்தட்டும். அங்க எவ்வளவு வேணுன்னாலும் கத்தட்டும்.”

“ஏன்டி, அழுகிறியா?”

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது.

“அக்கா, நாந்தான்,” என்றது கிருஷ்ணராஜின் இதமான குரல். “சாப்பிட்டீங்களா?”

கத்திக்கொண்டிருந்த மூன்றும் அந்த நொடியே வாயை மூடிக்கொண்டு, அவளுடைய சேலைக்கடியில் புகுந்து நடுங்கின.