ராஜகிரிப் படியில்

எழுபத்தொன்றாம் வருஷம் தீபாவளி வியாபாரம் ஓய்ந்ததும், தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் கருணாகரன் கடையைப் பூட்டிவிட்டு மனைவி தங்கபுஷ்பத்தைச் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போனார். கல்யாணமான நாளிலிருந்து ஊர் சுற்றவென்று கடையைப் பூட்டாத மனுஷர். அவளுக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

“நீங்க முன்னால பாத்திருக்கீங்களா?”

“இல்ல, இதுதான் முதல் தடவ.”

ஆனால் ராஜகிரி மலையில் எந்தத் திருப்பத்திலும் அவர் தயங்கவில்லை. பாதி வழியில், மண்டபத்து நிழலில் இருந்த காவலாளி அவரைப் பார்த்துச் சிரித்தார்.

“வாங்கய்யா, போன வாரந்தானே வந்தீங்க?”

கருணாகரன் காதில் விழாதவர் போல மேலே ஏறிப் போனார்.

போன வாரம் காஞ்சிபுரத்துக்குச் சரக்கு எடுக்கப் போவதாக அவர் சொல்லியிருந்தார். அவள் அன்று முழுக்க வீட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குகிறவள் போல அந்தப் படியிலேயே உட்கார்ந்து, “கூட யாரு வந்தா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“இன்னாம்மா கேக்குறீங்க? நீங்கதான்.” அவளை உற்றுப் பார்த்த காவலாளியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. “சாயங்காலம் அய்யா மட்டுந்தான் எறங்கி வந்தாரு. நான் மேல போய்த் தேடினேன், ஒருத்தரும் இல்ல. நீங்க எந்த வழியா எறங்குனீங்க?”

மேலிருந்து செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. கருணாகரன் எதிரே நின்று கையை நீட்டினார்.

“நான் வரல,” என்றாள்.

“போன தடவயும் இங்க உக்காந்துதான் அடம் பிடிச்ச,” என்றார் அவர், அன்பாக. “எந்திரி, புஷ்பம்.”