எட்வினின் டோக்கன்

சங்கு ஊதியது.

ஷிப்டு முடிய இன்னும் நேரம் இருந்தது.

மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நடுவர் விசில் ஊதவில்லை. இந்த ஊரில் அதற்குத் தேவையும் இல்லை. வேளை கெட்ட வேளையில் சுரங்கத்துச் சங்கு ஊதினால் பந்தை யாரும் தொட மாட்டார்கள். அது பாட்டுக்கு உருண்டு கோட்டைத் தாண்டிப் போனது.

பெண்கள் கேலரியில் அவள் சுரங்கத்துப் பக்கம் திரும்பினாள்.

பக்கத்தில் இருந்த சரோஜினி கடலைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். எதிர் கேலரியில் புருஷனையும் தம்பியையும் தேடிக் கண்டுபிடித்தாள். மூச்சு விட்டாள்.

உங்கள் வீட்டுக்காரர் வரவில்லையா என்று ஆட்டம் தொடங்கும்போதே கேட்டிருந்தாள் சரோஜினி. காய்ச்சல், படுத்திருக்கிறார் என்று இவள் கூசாமல் சொல்லியிருந்தாள்.

காலையில் இவள் புருஷன் சுரங்கத்துக்கு எடுத்துப்போனது எட்வினின் பித்தளை டோக்கனை.

எட்வினுக்கு லீவு கொடுக்கவில்லை. எட்வின் இல்லாமல் ஃபைனலில் கோலுக்கு யார் நிற்பது? இவள் புருஷனுக்கோ இன்று ஓய்வு நாள். கீழே இறங்கினால் எல்லா முகமும் கரிதான், யார் பார்க்கப்போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே போனான்.

தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

மேலே வந்தவர்கள் டோக்கனைப் பலகையில் மாட்டுவார்கள். மாட்டாத டோக்கன் யாருடையதோ அவர்கள் பெயரை இங்கே வாசிப்பார்கள். ஊரே இங்கேதானே இருக்கிறது.

முதல் பெயர். கீழ்ப்படியில் ஒருத்தி சரிந்தாள்.

அடுத்த பெயர். யாரோ செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள்.

வேண்டாம், வேண்டாம் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

“எட்வின் ஞானராஜ்.”

எல்லாத் தலைகளும் கோல் பக்கம் திரும்பின. மஞ்சள் சட்டையில், கம்பத்தைப் பிடித்தபடி, முழுசாக நின்றிருந்தான் எட்வின்.

கேலரி சிரித்தது. பயந்துபோயிருந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. ஒருவர் கைகூடத் தட்டினார்.

எட்வின் சிரிக்கவில்லை. கையுறைகளைக் கழற்றினான். பெண்கள் பக்கத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினான்.

அவள் எழுந்தாள்.

சரோஜினி கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“நீங்க ஏன்க்கா பதறுறீங்க? உங்க வீட்டுக்காரருதான் வீட்டுல படுத்திருக்காரே.”