வாசல் சாக்கடையின் படம்

"இந்த நாத்தத்துல எப்படி உங்களுக்குச் சோறு எறங்குது?"

கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர் அப்படிக் கேட்டதிலிருந்து நசீபாவுக்கு நிஜமாகவே சோறு இறங்கவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் அவள் வாசலை ஒட்டிய சாக்கடையில் மீன் குடலும் செத்த எலியும் மிதந்தன. மாநகராட்சிக்கு நாலு மனு எழுதியும் ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

ஐந்தாவது மனுவுக்காகத் தம்பி ஷாஹிர் கேமராவோடு வந்தான்.

"எச்.டி.ஆர். படம், இத்தா. இருட்டா ஒண்ணு, வெளிச்சமா ஒண்ணு, நடுத்தரமா ஒண்ணு. மூணையும் சேர்த்தா கலரெல்லாம் தூக்கலாகி, மூலையில நெளியுற புழுகூடப் பளிச்சுனு தெரியும்."

"தெரியட்டும். பாக்குறவன் வாந்தி எடுக்கணும்."

படத்தை மனுவோடு அனுப்பியவன், இணையத்திலும் பகிர்ந்தான்.

"ஒரே நாள்ல ஒம்பதாயிரம் பேர் பாத்துட்டாங்க! நீயும் பாரு."

"தெனம் பாக்குறது போதாதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஒரு கார் வந்து நின்றது. அதிகாரிதான் என்று நசீபா முக்காட்டைச் சரிசெய்தபடி ஓடினாள். இறங்கியவளோ பட்டுப்புடவை கட்டிய மணப்பெண்.

"சேச்சி, கல்யாண போட்டோ எடுக்கணும். இந்த இடம் எங்கே?" என்று போனை நீட்டினாள்.

போனில் ஷாஹிர் எடுத்த படம்: நசீபாவின் வாசல். அதை ஒட்டி மரகதப் பச்சையில் மின்னும் நீரோடை. அதன்மேல் ரோஜா இதழ்களாய் மீன் குடல்.

நசீபா சாக்கடையைக் கைகாட்டினாள்.

மணப்பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டாள்.